வேளச்சேரி ஃப்ளாட்: இன்றே டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி:
பழைய ஃப்ளாட். ஒரு லட்சம் டோக்கனைத் தன்னிடமே கொடுக்கச் சொல்கிறார் புரோக்கர். கமிஷன் எப்போது கொடுப்பது?

பதில் 1:
புரோக்கர் கையில் கொடுக்காதீங்க சார். ஓனர் பெயருக்கே செக். "பத்திரத்தில் குறையிருந்தால் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும்" என்று எழுதி வாங்குங்க. அதற்கு முன் 30 வருட வில்லங்கச் சான்றிதழ் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானப் பட்டியல்) பாருங்க. ஓனர் வங்கிக் கடனை அடைத்திருந்தாலும், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைப் பதியாவிட்டால் வில்லங்கத்தில் அடமானம் அப்படியே நிற்கும். பதிவு நாளில் பலர் மாட்டுவது இங்கேதான்.

பதில் 2:
கமிஷன் 1 சதவீதமா 2 சதவீதமா என்று முதலிலேயே பேசிடுங்க. பதிவு முடிந்ததும் கொடுங்க. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனி. விலை 50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீதம் டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) பிடித்துக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு.

பதில் 3:
ஓனரின் அப்பா வாங்கிய வீடா? வாரிசுகள் யார் என்று வில்லங்கம் சொல்லாது. வாரிசுச் சான்றிதழையும் கேளுங்க. கல்யாணமாகிப் போன அக்கா கையெழுத்தும் வேணும்.