14 அடி அலுமினியப் படகு: ரிவெட் எல்லாம் ஒழுகுது, பின்பலகையும் உக்கிப்போச்சு

ஸ்காபரோ நெத்தலி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். போன ஒக்டோபரில் கனடாவில் பீற்றர்பரோ பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் 14 அடி அலுமினியப் படகு ஒன்றை ட்ரெய்லரோடு சேர்த்து 900 டொலருக்கு வாங்கினேன். 1980களில் செய்தது. தகடுகளை ரிவெட் ஆணியால் பிணைத்த படகு, வெல்டிங் இல்லை. மச்சானிடம் 9.9 குதிரைவலு எஞ்சின் ஒன்று சும்மா கிடந்தது, அதையும் வாங்கி மாட்டிக்கொண்டு ரைஸ் லேக்கில் இறக்கினோம்.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். கால் நனைகிறதே என்று குனிந்து பார்த்தால் தேத்தண்ணிப் பிளாஸ்க் மிதக்கிறது. மனைவி ஒன்றும் பேசவில்லை. மீன் போடக் கொண்டுபோன வாளியால் தண்ணீரை அள்ளி ஊற்றத் தொடங்கினா. கரைக்கு வந்த பிறகும் பேசவில்லை.

குளிர்காலம் முழுக்கக் கராஜில் கிடந்தது. இப்போதுதான் கிட்டப்போய்ப் பார்க்கிறேன். எஞ்சின் மாட்டும் பின்பலகையை ஸ்குரூடிரைவரால் குத்தினேன், தேத்தண்ணியில் ஊறின றஸ்கில் குத்தினது போல உள்ளே போனது. என்னுடைய யோசனைகள் இவைதான், பிழை என்றால் சொல்லுங்கள். ஒழுகும் இடமெல்லாம் குளியலறைக்குப் பூசும் சிலிக்கன் பூசலாம் என்று இருக்கிறேன். பின்பலகைக்கு மருந்து ஏற்றின பச்சை நிறப் பிளைவுட் மலிவாகக் கிடைத்தது, வாங்கியும் வைத்துவிட்டேன். கடைசியாக, நடு இருக்கையை வெட்டி எடுத்துவிட்டு, வீடியோக்களில் வருவது போல முழுக்கத் தட்டையாகப் பலகை அடித்து, கார்ப்பெட் விரித்து, சுழலும் கதிரை இரண்டு பூட்ட ஆசை.

---

குரொப்பி குமார்:

சிலிக்கனை மட்டும் பூசிப்போடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். அலுமினியத்தில் அது கொஞ்ச நாளுக்குத்தான் பிடிக்கும். பிறகு வேறு எதைப் பூசினாலும் அந்த இடத்தில் ஒட்டாது. நான் ஒரு பின்னேரத்தில் பூசினதை இரண்டு கோடை இருந்து சுரண்டினேன்.

---

தகரவேலைக்காரன்:

தம்பி, நான் பிரம்ப்டனில் தகட்டு வேலைப் பட்டறையில் 22 வருசம். என்னுடைய 12 அடிப் படகை இதே நிலைமையில்தான் வாங்கினேன். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். படகு ட்ரெய்லரிலேயே இருக்கட்டும். வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே வருகிற வழியால் உள்ளிருந்து வெளியேயும் வரும், ஆகவே தோட்டக் குழாயை உள்ளே விடுங்கள். நாலு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். அந்த நாலு அங்குலமே அரை டன்னை நெருங்கும், ஏரியில் மிதப்பது போல அடியிலிருந்து தாங்க இங்கே தண்ணீர் இல்லை. ட்ரெய்லரின் கீழே கட்டைகள் முட்டுக் கொடுங்கள். பிறகு டோர்ச் லைட்டோடு கீழே படுங்கள். நனைந்த தகட்டில் சோக் எழுதாது, மெழுகுப் பென்சில் வாங்குங்கள். வேர்க்கும் ஒவ்வொரு ரிவெட்டையும் சுற்றி வட்டம் போடுங்கள். நான் 31 வட்டம் போட்டேன். அவற்றில் 9 ரிவெட்டைத்தான் மாற்ற வேண்டி வந்தது. மிச்சம் எல்லாம் தளர்ந்திருந்தவை, அவ்வளவே.

தளர்ந்ததை இறுக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே ரிவெட்டின் தலையில் கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க ஒருவர், உள்ளே அதன் வாலைச் சுத்தியலால் தட்ட ஒருவர். எனக்கு மகள்தான் பிடித்தா, வாய்க்குள் திட்டித் திட்டி. தளர்ந்த ரிவெட்டில் அடித்தால் பானையில் தட்டினது போல மொத்தென்று கேட்கும். இறுக இறுகச் சத்தம் மெலிந்து, கடைசியில் கணீரென்று வரும். அந்தக் கணீர் வந்ததும் நிறுத்துங்கள். ஆசையில் இன்னும் நாலு அடி அடித்தால் தகடு பள்ளம் விழும். பழைய படகுகளின் தகடு பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீற்றர் சொச்சம்தான்.

மாற்ற வேண்டியவற்றுக்குப் பழையபடி திட ரிவெட்தான் நல்லது. கை போகாத இடத்தில் மட்டும் வாய் மூடின பொப் ரிவெட், அதுவும் அலுமினியத்தில். சாதாரண பொப் ரிவெட்டின் நடுவில் துவாரம் இருக்கும், ஒழுக்கை அடைக்கப்போய் நீங்களே இன்னொரு ஒழுக்கு வைத்தது போலாகிவிடும்.

அதன் பிறகுதான் பூச்சு. குளூவிட் என்று இரண்டு பாகமாக வரும் எபொக்சிப் பசை இருக்கிறது. கொஞ்சம் நெகிழும், படகு முறுகினாலும் வெடிக்காது. உள்பக்கமாகத் தகடும் தகடும் சேரும் ஓரங்களிலும் ரிவெட் வால்களிலும் பூசுங்கள். அதற்கு முன் அசற்றோனால் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். கம்பிப் பிரஷ் என்றால் ஸ்ரெயின்லெஸ் கம்பி மட்டும், சாதாரண இரும்புக் கம்பியின் துகள் தகட்டில் பதிந்து துருக்கறை விடும். ஏப்ரல் குளிருக்குள் எபொக்சி இறுகாது, மே கடைசி வரை பொறுங்கள்.

இனிப் பச்சைப் பிளைவுட். அதைத் திருப்பிக் கொடுங்கள். அந்தப் பச்சை செம்பு மருந்து. 2003 கடைசியோடு ஆர்செனிக் கலந்த பழைய மருந்தை வீட்டுப் பாவனைக்கான மரங்களுக்கு ஏற்றுவதை நிறுத்தி, அதற்குப் பதிலாகச் செம்பு கூடின மருந்துகளுக்கு மாறினார்கள். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றாக இருந்தால் அங்கே ஒரு சின்ன பற்றரி ஓடத் தொடங்கும், அதில் கரைவது எப்போதும் அலுமினியம்தான். முதலில் வெள்ளை மா போல ஒன்று பூக்கும், அதைச் சுரண்டினால் கீழே ஊசித் துவாரம். ட்ரெய்லரில் படகு குந்தியிருக்கும் கட்டைகளையும் பாருங்கள், அவையும் பச்சை மரமாக இருக்கலாம். கார்ப்பெட் சுற்றியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது.

மருந்து ஏற்றாத, வெளிப்பாவனைக்கான பிளைவுட் முக்கால் அங்குலத்தில் இரண்டு துண்டு. எபொக்சியால் ஒட்டினால் ஒன்றரை அங்குலம் வரும். உக்கின பழைய பலகையை வீசிவிடாதீர்கள், அதை வைத்துத்தான் புதிதை வெட்ட வேண்டும். எங்கள் வீட்டில் குப்பை என்று நினைத்து எடுத்து வைத்துவிட்டார்கள், நான் கார்ட்போட் வெட்டி வெட்டி இரண்டு நாள் மினக்கெட்டேன். ஓரங்களுக்கு மூன்று தரம் எபொக்சி கொடுங்கள். போல்ட் துவாரங்களைப் பெரிதாகத் துளைத்து, எபொக்சியால் நிரப்பி, இறுகின பிறகு சரியான அளவில் திரும்பத் துளையுங்கள். மரம் உக்கத் தொடங்குவதே அந்தத் துவாரங்களில்தான்.

நடு இருக்கையில் கை வைக்க வேண்டாம். அது குந்துவதற்கு மட்டும் வைத்ததல்ல. இரண்டு பக்கத் தகடும் விரியாமல் இழுத்துப் பிடிப்பதே அதுதான். அதை எடுத்தால் அலையில் படகின் இடுப்பு ஆடும், ஆடினால் நீங்கள் பாடுபட்டு இறுக்கின ரிவெட் எல்லாம் திரும்பத் தளரும். ஆனால் அதைத் திறந்து உள்ளே மிதப்புக்காக அடைத்திருக்கும் போமைப் (foam) பாருங்கள். என் படகில் தலையணை போல இருக்க வேண்டிய துண்டு 11 கிலோ நின்றது, அவ்வளவும் தண்ணீர். புதிதுக்குக் கடையில் இளஞ்சிவப்பு அல்லது நீல நிறத்தில் விற்கும் இறுக்கமான போம் பலகையை வெட்டி அடையுங்கள். வெள்ளைக் குருணிப் போம் வேண்டாம். பெற்றோல் சிந்தினால் எந்த நிறமும் கரைந்துவிடும், பெற்றோல் தாங்கியைத் தள்ளி வையுங்கள். போமே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். படகு நிரம்பினாலும் அடிக்குப் போகாமல் நிற்பது அதனால்தான்.

---

ஸ்காபரோ நெத்தலி:

அண்ணை, நல்லவேளை பிளைவுட்டின் ரிசீற் இருக்கிறது, இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நடு இருக்கையை விட்டுவிட்டேன். ஆனால் கதிரையும் பலகையும்? அதுவும் கூடாதென்றால் பிறகு என்ன இருக்கிறது எனக்கு!

---

பாசையூரான்:

அது ஏன் கூடாது? அளவோடு செய்யுங்கள். நான் சின்னனில் அப்பாவின் வள்ளத்தில் போனவன். எழும்பி நின்றால் துடுப்பால்தான் பேசுவார். உங்கள் படகு அதைவிட எவ்வளவோ லேசு, ஆள் எழும்பினால் இன்னும் கூடச் சரியும்.

முன்பக்க அணியத்துக்கும் நடு இருக்கைக்கும் இடையில் மட்டும் பலகை அடியுங்கள், இருக்கை மட்டத்துக்கு ஒரு சாண் கீழே. அதற்கு அடியில் நங்கூரம், கயிறு, லைஃப் ஜாக்கெட் வைக்கலாம். அரை அங்குலப் பிளைவுட் ஒரு முழுத்தாள் 20 கிலோ அளவு வரும். பின்பக்கக் கடையாரில் எஞ்சின், பற்றரி, நீங்கள். அணியத்தில் பலகை, கதிரை, மனைவி. எல்லாவற்றையும் கூட்டிப் படகில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை கிலோ வரை ஏற்றலாம் என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். சுழலும் கதிரையைக் கட்டைத் தண்டில் பூட்டுங்கள், இருந்தபடி தூண்டில் போடுகிற உயரம் போதும். கார்ப்பெட் ஈரத்தை விடாது, மீன் நாற்றத்தையும் விடாது. சொரசொரப்பான பெயின்ற் அடித்தால் போதும்.

பெயின்ற் என்றதும் நினைவு வந்தது. அலுமினியத்தைத் தேய்த்தால் சில மணித்தியாலத்துக்குள் பிரைமர் அடிக்க வேண்டும், காற்றுப் பட்டவுடனேயே மேலே ஒக்சைட் படியத் தொடங்கிவிடும். தகட்டை அரித்துப் பிடிக்கிற வகைப் பிரைமர் என்று கேட்டு வாங்குங்கள். பாசி பிடிக்காத பெயின்ற் என்று செம்பு கலந்ததைத் தந்தால் வாங்காதீர்கள், தகரவேலை அண்ணை சொன்ன அதே கதைதான்.

கடதாசி வேலையும் பாருங்கள். 10 குதிரைவலுவிலிருந்துதான் படகுக்கு லைசென்ஸ் நம்பர் வேண்டும், உங்களுடையது 9.9, தப்பினீர்கள். ஆனால் ஓட்டுபவரிடம் ஒப்பரேற்றர் கார்ட் இருக்க வேண்டும், சின்ன எஞ்சின் என்றாலும். ஏரியால் ஏற்றி வெளிக்கிடும்போது தண்ணீர் வடிய விடும் அடி அடைப்பானைக் கழற்றி, ட்ரெய்லரில் தொங்கும் பாசியை எடுத்துவிட்டுத்தான் ரோட்டில் ஏற வேண்டும். ஒன்ராறியோவில் 2022 ஜனவரியிலிருந்து அது சட்டம்.

---

ஸ்காபரோ நெத்தலி:

ஜூன் கடைசி. முடிந்தது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தண்ணீர் விட்டுப் பார்த்தேன், 17 வட்டம். ஆனால் பெரிய கள்ளன் ரிவெட் இல்லை. அடி அடைப்பான் போகும் பித்தளைக் குழாய் உக்கின பின்பலகைக்குள் தளர்ந்து கிடந்தது, அதைச் சுற்றி நூல் போல ஓடுகிறது. அன்றைக்கு பிளாஸ்க்கை மிதக்க விட்ட தண்ணீரில் பாதி அதால் வந்திருக்கும். பலகை மாற்றும்போது குழாயும் புதிது. ரிவெட்டுக்கு இரும்புக் கட்டி பிடித்தது மனைவி. கணீர் என்றதும் அவவே நிறுத்தச் சொன்னா, எனக்கு முதல் அவவுக்குச் சத்தம் பிடிபட்டுவிட்டது.

போன சனி அதே ரைஸ் லேக்கில் நாலு மணித்தியாலம் நின்றோம். கடைசியில் அடியில் கிடந்தது ஒரு பஞ்சால் பிழிந்து எடுக்கிற அளவு தண்ணீர். அதுவும் ஈரக் காலோடு நான் ஏறினதால் வந்தது என்கிறா. புளூகில் மீன் பதினொன்று, மிளகாய்த்தூள் பிரட்டிப் பொரித்தாயிற்று.

இப்போது மச்சான் எஞ்சினைத் திருப்பிக் கேட்கிறான். யாரிடமாவது 9.9 விலைக்கு இருந்தால் சொல்லுங்கள்.