ரெட்-ஐ ஃபிளைட்: எதையெல்லாம் அப்படிச் சொல்லலாம்?

வணக்கம். அமெரிக்காவில் இருப்பவர்கள், டிராவல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்கள் யாராவது விளக்கினால் நல்லது.

'டேக்கிங் தி ரெட்-ஐ' என்று எங்கள் அமெரிக்க டீம் அடிக்கடி மெயிலில் எழுதுகிறார்கள். ராத்திரி ஏறி, தூக்கம் கெட்டுக் கண் சிவந்து விடிகாலையில் இறங்கும் ஃபிளைட் என்பது வரை தெரியும். (எஸ்பிரெசோ கலந்த கறுப்புக் காபிக்கும் அங்கே இதே பெயர்தான். அதைக் கேட்கவில்லை!) லாஸ் ஏஞ்சலஸில் இரவு பத்தரைக்குக் கிளம்பினால் நியூயார்க் சுமார் ஐந்தரை மணி நேரம். அங்கே கடிகாரம் 3 மணி நேரம் முன்னால் ஓடுவதால் இறங்கும்போது காலை 7 ஆகிவிடும். எதிர்த்திசையில், நியூயார்க்கில் இரவு 10 மணிக்கு ஏறினால் ஒரு மணிவாக்கில் லாஸ் ஏஞ்சலஸ். வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம். அதனால் பெரும்பாலும் கிழக்கே போவதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள் போல.

என் சந்தேகம்: சென்னை–சிங்கப்பூர் ராத்திரி ஃபிளைட்டும் நாலு மணி நேரம்தான், இரண்டரை மணி நேர வித்தியாசம் வேறு. அதை ரெட்-ஐ என்று எழுதினால் அவர்களுக்கு இயல்பாகப் படுமா? 14, 15 மணி நேரப் பயணத்துக்கும் சொல்வார்களா? எனக்கென்னவோ பொருந்தவில்லை, அதில் தூங்கவாவது நேரம் இருக்கிறது.

கிளையண்ட்டுக்குப் போகும் மெயிலில் இதைப் போடலாமா, பேச்சோடு நிறுத்திக்கொள்வதா?