ஈஸ்ட் தொட்டியில் பாதியில் எத்தனால் ஏறுகிறது: பி.ஐ.டி. கட்டுப்படுத்திக்கு என்ன மதிப்பு கொடுக்கலாம்?

கேள்வி:
வணக்கம். 300 லிட்டர் தொட்டியில் ரொட்டி ஈஸ்ட் வளர்க்கிறோம். வளர்ச்சி வீதம் மணிக்கு 0.2 என்று வைத்து, மொலாசஸை (சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகு) அடுக்குக்குறிச் சமன்பாட்டின்படி, அதாவது நேரம் போகப்போக மடங்காகக் கூட்டி, ஊட்டுகிறோம். கரைந்த ஆக்சிஜன் 30 சதவீதத்தில் நிற்கும்படி பி.ஐ.டி. (அளவைப் பார்த்துத் தானே திருத்தும் கட்டுப்படுத்தி) கலக்கியின் வேகத்தை மாற்றுகிறது. தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்கு. எட்டு மணி நேரம் கடந்ததும் ஆக்சிஜன் 5 சதவீதத்துக்குக் கீழே சரிந்து, எத்தனால் ஏறுகிறது. நுரையடக்கி விழுந்தால் இன்னும் மோசம். சர்க்கரை அளவை வைத்து வளர்ச்சி வீதத்தைக் கணிக்கும் என் மோனோட் மாதிரியோ எத்தனால் வரவே வராது என்கிறது.

பதில் 1:
சரியும் நேரத்தில் கலக்கி எந்த வேகத்தில் சுற்றுகிறது?

கேட்டவர்:
முழு வேகத்தில். ஆக்சிஜன் சரிவதற்குச் சற்று முன்பே அங்கே போய் நின்றுவிடுகிறது.

பதில் 1:
அப்படியானால் பி.ஐ.டி.யைத் தொடாதீர்கள். கடைசிப் படியில் நிற்பவரை இன்னும் மேலே ஏறச் சொல்லிப் பயனில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 0.2 வீதத்தில் ஒரு கிராம் உலர் ஈஸ்ட் மணிக்குச் சுமார் 5 மில்லிமோல் ஆக்சிஜன் கேட்கும். லிட்டருக்கு 40 கிராம் சேர்ந்தால் 200 மில்லிமோல். பல தொட்டிகளால் அவ்வளவு கொடுக்க முடியாது. ஊட்டமோ அதைப் பற்றிக் கவலைப்படாமல் கூடிக்கொண்டே போகிறது. கலக்கி முழு வேகத்தில் 90 சதவீதம் எட்டியதும் ஊட்டத்தை மேலும் கூட்டாமல் அதே அளவில் வைத்திருங்கள். வளர்ச்சி வீதம் மெல்லக் குறையும், குறையட்டும். நுரையடக்கி குமிழ்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பெரிதாக்குவதால் ஆக்சிஜன் கரையும் பரப்பு சுருங்குகிறது. சிறு துளிகளாக விடுங்கள்.

பதில் 2:
மாதிரியின் குறை வேறு. மோனோட் சமன்பாட்டில் சர்க்கரை வளர்ச்சிக்குப் போகும் ஒரே பாதைதான் இருக்கிறது. சோன்லைட்னர், கேப்பெலி இருவரும் 1986இல் தந்த மாதிரியைப் பாருங்கள்: ஈஸ்ட்டின் சுவாசத் திறனுக்கு ஓர் உச்சவரம்பு, அதற்கு மேல் வரும் சர்க்கரை எத்தனாலாகிறது. ஆக்சிஜன் குறைந்தால் வரம்பும் இறங்கும். அதனால்தான் 0.2இலேயே உங்களுக்கு எத்தனால் வருகிறது. வெளியேறும் வாயுவை அளக்க வசதி உண்டா? சுவாச ஈவு (வெளிவிடும் கரியமில வாயுவை எடுக்கும் ஆக்சிஜனால் வகுத்தது) 1.1ஐத் தாண்டுவது நல்ல முன்னெச்சரிக்கை.

கேட்டவர்:
வாயு அளவி இல்லை. தொட்டி அழுத்தத்தைக் கூட்டலாமா?

பதில் 1:
தொட்டியின் அனுமதிக்குள் அரை பார் வரை கூட்டலாம், ஆக்சிஜன் கூடுதலாகக் கரையும். கரியமில வாயுவும் அப்படியே கரையும் என்பதால் அதையே நம்பியிருக்க வேண்டாம். அளவி இல்லாவிட்டால் ஊட்டத்தை அரை நிமிடம் நிறுத்திப் பாருங்கள். கரைந்த ஆக்சிஜன் உடனே எகிறினால் சர்க்கரை தேங்கவில்லை. அசையாமல் கிடந்தால் ஊட்டம் அதிகம். ஓரளவு ஏறி நின்றுவிட்டால் ஈஸ்ட் எத்தனாலை எரிக்கிறது.