ஷோரூமில் எக்ஸ்சேஞ்சா, வெளியில் விற்பதா?

பீளமேடு_வாசி
வணக்கம். பத்து வருடம் ஓட்டிய ஹேட்ச்பேக்கைக் கொடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்யூவி எடுக்கலாம் என்றிருக்கிறேன். பழையது 2015 மாடல், பெட்ரோல், ஒரே ஓனர், 78,000 கிலோமீட்டர், லோன் பாக்கி இல்லை. புதுசு எக்ஸ்ஷோரூம் 9,20,000.

சனிக்கிழமை ஷோரூமில் எழுதிக் கொடுத்த தாள்: தள்ளுபடி 30,000, பழைய வண்டிக்கு 2,65,000, எக்ஸ்சேஞ்ச் போனஸ் 25,000. "வெளியில் புரோக்கர் 3,10,000 கேட்கிறார், நீங்கள் இவ்வளவு குறைக்கிறீர்களே" என்றேன். பையன் மேனேஜர் அறைக்குப் போனான், பத்து நிமிடம் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தான். "உங்களுக்காகப் பேசி 3,00,000 வாங்கியிருக்கேன் சார்." சந்தோஷமாக வீட்டுக்கு வந்து இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புதுத் தாளில் தள்ளுபடி என்ற வரியையே காணோம்.

எக்ஸ்சேஞ்சிலேயே கொடுப்பதா, வெளியில் விற்பதா? சொல்லுங்கள்.

ஓசூர்_டீசல்
முதல் தாளில் உங்களுக்கு மொத்தம் 3,20,000. இரண்டாவதில் 3,25,000. பழைய வண்டிக்கு 35,000 ஏற்றி, தள்ளுபடியில் 30,000 உருவிவிட்டார்கள். பத்து நிமிட மேனேஜர் நாடகத்துக்கு உங்களுக்குக் கிடைத்தது 5,000.

இதற்குத்தான் சொல்வது, புது வண்டி விலை தாளில் ஏறும்வரை பழைய வண்டி இருப்பதாகவே காட்டிக்கொள்ளாதீர்கள். ஷோரூமுக்கு அதில் போகவும் போகாதீர்கள். வாசலில் நிறுத்தும்போதே டயரைப் பார்த்து விலை போட ஆரம்பித்துவிடுவார்கள். வெளியில் விற்றால் 3,10,000, தள்ளுபடி 30,000, ஆக 3,40,000. எங்கே 3,25,000, எங்கே 3,40,000?

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்குள், 1200 சிசிக்குள் உள்ள பெட்ரோல் வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அந்தக் குறைப்பை இன்னமும் தாங்கள் கொடுக்கும் ஆஃபர் மாதிரியே பேசுகிற ஆட்கள் உண்டு. அது அரசு குறைத்தது. அவர்கள் பையிலிருந்து என்ன குறைக்கிறார்கள் என்று கேளுங்கள்.

முன்னாள்_சேல்ஸ்
ஒன்பது வருடம் ஷோரூமில் இருந்தவன், இப்போது வேறு தொழில். ஓசூர் அண்ணன் சொல்வது கேட்க நன்றாக இருக்கும், நடைமுறை வேறு.

எங்களுக்கு ஒரு வண்டிக்கு இவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று ஒரே பானைதான். தள்ளுபடி, சீட் கவர், பழைய வண்டி விலை என்று எந்தக் கரண்டியில் அள்ளினாலும் அதே பானை. பழைய வண்டியைக் கடைசியில் சொன்னால் மட்டும் பானை பெரிதாகிவிடாது. அதனால் தனித்தனி வரியைப் பார்த்து மனதை அலைக்கழிக்காமல், "பழையதைக் கொடுத்துவிட்டு நான் கையிலிருந்து எவ்வளவு போடணும்?" என்று ஒரே ஒரு எண்ணைக் கேளுங்கள். மூன்று ஷோரூமில் கேளுங்கள். குறைந்த எண் எதுவோ அதுதான் டீல்.

15,000 ரூபாய் வித்தியாசத்துக்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் முன்பின் தெரியாத நாலு பேரை ஏற்றிக்கொண்டு டெஸ்ட் டிரைவ் போக உங்களுக்கு நேரம் இருக்கிறதா? எக்ஸ்சேஞ்சில் சாவியைக் கொடுத்துச் சாவியை வாங்குகிறீர்கள். அந்த நிம்மதிக்கு ஒரு விலை உண்டு.

ஓசூர்_டீசல்
ஒரே எண்ணாம்! அந்த ஒரே எண்ணுக்குள் எத்தனை எலி ஓடுகிறது என்று பார்க்க வேண்டாமா?

பீளமேடு நண்பரே, இன்சூரன்ஸ், பதிவு, கிட் வரிகளையும் போடுங்கள், பார்ப்போம்.

பீளமேடு_வாசி
இன்சூரன்ஸ் 47,000. சாலை வரி 1,19,600. பதிவுச் செலவு 7,500. 'எசென்ஷியல் கிட்' 16,000. ஹேண்ட்லிங் 8,500.

ஓசூர்_டீசல்
சாலை வரி சரி. தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், கணக்கு ஒத்துப்போகிறது. (டாப் வேரியண்ட்டுக்கு ஆசைப்பட்டு 10 லட்சத்தைத் தாண்டிவிடாதீர்கள், அங்கே 18 சதவீதம். 9,95,000 வண்டிக்கு வரி 1,29,350. 10,30,000 வண்டிக்கு 1,85,400. 35,000 ரூபாய் அலாய் வீலுக்கும் சன்ரூஃபுக்கும் 56,000 வரி.)

பதிவுக் கட்டணம் காருக்கு 600 ரூபாய். லோன் போட்டால் அதை ஆர்சியில் ஏற்ற 1,500. மிச்சம் எதற்கு என்று கேளுங்கள். கிட் என்பது மிதியடி, மட் ஃப்ளாப், கார் கழுவும் ஷாம்பு. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஹேண்ட்லிங்கை அடித்துவிடுங்கள், வண்டியை ஷோரூமுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவர்கள் தொழில்.

இன்சூரன்ஸ்தான் பெரிய எலி. அங்கேயேதான் போடணும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அப்புறம், பழைய பாலிசியில் கிளெய்ம் இல்லாமல் ஐந்து வருடம் ஓட்டியிருந்தால் 50 சதவீத என்சிபி (நோ கிளெய்ம் போனஸ், கிளெய்ம் எடுக்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) இருக்கும். அது வண்டியோடு போகாது, உங்களோடு வரும். பழையதை விற்றதும் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் என்சிபி கடிதம் வாங்கினால் புது வண்டியின் ஓன் டேமேஜ் பிரீமியத்தில், அதாவது உங்கள் வண்டியின் சேதத்துக்கான பகுதியில், பாதி குறையும். அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கான மூன்று வருடத் தேர்ட் பார்ட்டி பகுதியில் குறையாது. எக்ஸ்சேஞ்ச் கவுண்டரில் இதை யாராவது வாயைத் திறந்து சொன்னார்களா?

முன்னாள்_சேல்ஸ்
இந்த என்சிபி விஷயத்தில் அண்ணனோடு ஒத்துப்போகிறேன். நாங்கள் சொல்ல மாட்டோம், கேட்டால் மறுக்கவும் மாட்டோம். ஆனால் இதெல்லாம் எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாலும் செய்யலாமே? வெளியில் விற்பதற்கு இது வாதம் இல்லை.

மாங்கனி_நகர்
சேலத்திலிருந்து. 'நிம்மதி' என்ற வார்த்தையைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நாங்கள் எக்ஸ்சேஞ்சில்தான் கொடுத்தோம், பெரிய ஷோரூம், கண்ணாடிக் கட்டடம். பெயர் மாற்றும் ஃபார்ம் 29, 30 எல்லாவற்றிலும் தேதி போடாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஏழு மாதம் கழித்து வேறொரு மாவட்டத்திலிருந்து விபத்து வழக்கு நோட்டீஸ், என் கணவர் பெயரில். வண்டி ஷோரூமிலிருந்து ஒரு புரோக்கர், அவரிடமிருந்து இன்னொருவர் என்று மூன்று கை மாறியிருக்கிறது. ஆர்சி மட்டும் எங்கள் பெயரிலேயே இருந்திருக்கிறது. ஷோரூமில் கேட்டால் "அந்த ஸ்டாஃப் இப்போ இல்லை மேடம்."

வக்கீல் சொன்னார், 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டதாம்: விற்றிருந்தாலும் ஆர்சியில் யார் பெயரோ அவர்தான் ஓனர், நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான். சாவியைக் கொடுத்துச் சாவியை வாங்கினோம், நோட்டீஸையும் சேர்த்து.

முன்னாள்_சேல்ஸ்
மேடம், உங்களுக்கு நடந்தது தப்பு, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் 2023 ஏப்ரலில் விதி மாறிவிட்டது. ஆர்டிஓ அங்கீகாரம் உள்ள டீலரிடம் கொடுத்தால் வண்டியை டீலரிடம் ஒப்படைத்ததைத் தெரிவிக்கும் ஃபார்ம் 29சி ஆன்லைனில் ஏற்ற வேண்டும். ஏற்றிய நாளிலிருந்து பொறுப்பு டீலருடையது. அந்த ஒப்புகையைக் கையில் வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். தெருமுனைப் புரோக்கரிடம் இது கிடைக்குமா?

மாங்கனி_நகர்
உங்கள் ஷோரூமில் எத்தனை பேருக்கு 29சி ஏற்றினீர்கள், உண்மையைச் சொல்லுங்கள்.

முன்னாள்_சேல்ஸ்
விதி வருவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டேன். நழுவுகிறேன் என்று நினைத்தாலும் சரி.

பென்ஷன்_பயணி
தம்பிகளா, சண்டை போதும். இப்போது கார்த்திகை கடைசி. மார்கழியில் நம் ஊரில் வண்டி எடுக்க ஆள் வராது, வருடக் கடைசியில் கம்பெனிக்கோ ஸ்டாக் தீர்க்கணும். ஆடியிலும் இதே கதைதான். மார்கழியில் போய் உட்காருங்கள், தேநீரும் வரும், தள்ளுபடியும் வரும். வீட்டில் ஒத்துக்கொள்ளாவிட்டால் பில் மார்கழியில், டெலிவரி தை பிறந்ததும் என்று பேசிக்கொள்ளுங்கள். வண்டி எந்த மாதம் தயாரானது என்று மட்டும் விஐஎன் (வண்டி அடையாள எண்) பிளேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓசூர்_டீசல்
ஐயா சொன்னது சரி. பீளமேடு நண்பரே, உங்களிடம் இன்னொன்று. சில கம்பெனிகளின் திட்டத்தில், பழைய வண்டியை வெளியில் விற்றாலும் பெயர் மாறிய ஆர்சி நகலைக் கொடுத்தால் எக்ஸ்சேஞ்ச் போனஸ் உண்டு. இதைக் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் 3,10,000, 30,000, 25,000, ஆக 3,65,000. நிம்மதிக்கு 40,000 கொடுக்கத் தயாரா என்று முன்னாள் தம்பியிடமே கேளுங்கள்.

பீளமேடு_வாசி
கேட்டுவிட்டு வந்தேன். போனஸ் உண்டாம், 45 நாளுக்குள் புது ஆர்சி நகல் வேண்டுமாம். துள்ளிக்கொண்டு புரோக்கரிடம் போனேன். "பெயர் மாத்தணும்னா 2,90,000 தான் சார்" என்றார். அவர் கணக்கு இப்போதுதான் புரிந்தது. அவர் பெயருக்கு மாற்றினால் வண்டி செகண்ட் ஓனர் ஆகிவிடும். அப்புறம் வாங்குகிறவர் தேர்ட் ஓனர். 3,10,000 என்பது, வாங்குகிறவர் பெயரும் தேதியும் இல்லாத ஓப்பன் ஃபார்மில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவருக்கு ஆள் கிடைக்கும்வரை என் பெயரிலேயே வண்டி ஓடுவதற்கான விலை.

முன்னாள்_சேல்ஸ்
அதைத்தான் சொன்னேன்!

ஓசூர்_டீசல்
2,90,000, 30,000, 25,000, ஆக 3,45,000. அப்போதும் ஷோரூமைவிட 20,000 அதிகம். சத்தம் போடாதீர்கள் தம்பி.

பீளமேடு_வாசி
கடைசித் தகவல். ஆபீஸ் நண்பரின் மைத்துனர் பொள்ளாச்சியில் ஆசிரியர், முதல் கார் தேடிக்கொண்டிருந்தார். 3,05,000க்கு முடித்தோம். பெயர் மாற்ற நானும் அவரும் சேர்ந்தே விண்ணப்பம் போட்டோம். என்சிபி கடிதம் வந்துவிட்டது, 50 சதவீதம். வெளியில் போட்ட இன்சூரன்ஸ் 33,800.

ஷோரூமில் கிட் போனது, ஹேண்ட்லிங் போனது. பதிவுச் செலவில் ஐந்து பைசா இறங்கவில்லை. தள்ளுபடி 30,000 திரும்ப வந்திருக்கிறது, பையனும் திரும்பச் சிரித்தான். போனஸ் 25,000 மட்டும் ஆர்சி நகல் பார்த்த பிறகுதான் தருவார்களாம்.

மாங்கனி_நகர்
அதை ஆர்டர் ஃபார்மில் எழுதி வாங்குங்கள் தம்பி, ஷோரூம் சீலோடு. அப்புறம் பழைய வண்டிக் கண்ணாடியில் ஃபாஸ்டேக் இருக்கிறதா? அதையும் குளோஸ் பண்ணிவிட்டுக் கொடுங்கள். வாத்தியார் டோல் தாண்டும்போதெல்லாம் உங்கள் போன் சிணுங்கும்.

பீளமேடு_வாசி
ஐயோ அக்கா. நேற்றே கணியூரில் ஒரு தடவை சிணுங்கியாச்சு.