ஆட்டுக்குட்டிக்கு நன்றிக் கடிதம்: வெளிநாட்டு உதவி நிறுவனங்களோடு உங்கள் அனுபவம்

பேரணாம்பட்டுப் பையன்:
நமக்கென்று வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவருக்கு நாம் எழுதும் ஸ்பான்சர் கடிதம், அதை எழுதியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். ஒரு சனிக்கிழமை போட்டோ எடுக்க வந்தார்கள். கழுத்தில் சிவப்பு ரிப்பனோடு ஒரே ஒரு வெள்ளாட்டுக் குட்டி. வரிசையில் நின்ற ஒவ்வொருவர் கையிலும் அதையே கொடுத்து எடுத்தார்கள். என் முறை வந்தபோது குட்டி சட்டையிலேயே மூத்திரம் போய்விட்டது. போட்டோக்கார அண்ணன் "பரவால்ல, சிரி" என்றார். அப்புறம் டீச்சரக்கா போர்டில் எழுதிப் போட, "நீங்கள் அனுப்பிய ஆட்டுக்குட்டி நன்றாக வளர்கிறது" என்று எல்லோரும் பார்த்து எழுதினோம். குட்டி பின்தெரு பாய் வீட்டுடையது, சாயங்காலமே போய்விட்டது. பணம் அனுப்பிய அம்மா அந்தப் போட்டோவை இன்னும் வைத்திருக்கிறாரோ என்னவோ.

பீடிக்காரம்மா மகள், குடியாத்தம்:
உங்களுக்கு ஆடாவது கண்ணில் பட்டது! எங்கள் அம்மாவின் மகளிர் குழுவைத் தொழில் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். அரை நாள் பேச்சு, ஒரு சாம்பார் சாதப் பொட்டலம். கிளம்பும்போது மூன்று தாளில் கையெழுத்து, மூன்றிலும் வேறு வேறு தேதி. தொகைக் கட்டம் காலி, ஓரத்தில் பென்சிலில் ஏதோ எண். "எதுக்கும்மா மூணு?" என்று அம்மா கேட்டதற்கு, "ஆபீஸ் ஃபார்மாலிட்டிக்கா" என்றது அந்தப் பெண். ஹைட்டி நிலநடுக்கத்துக்கு அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஏறக்குறைய 50 கோடி டாலர் திரட்டி, நிரந்தர வீடு ஆறுதான் கட்டியது என்று 2015இல் செய்தி வந்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

முன்னாள் களப்பணியாளர், ஜவ்வாது மலை:
ஹைட்டியையும் குடியாத்தத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். தற்காலிக வீடு, மருத்துவம், வாடகை உதவி என்று செஞ்சிலுவையும் பதில் கணக்குச் சொன்னது. நம்புவது உங்கள் இஷ்டம். நாங்கள் மலையில் மாலை வகுப்பு நடத்தினோம். பெரிய நிறுவனம் ஒன்று வெளிநாட்டிலிருந்து வாங்கி எங்களுக்குப் பிரித்துத் தந்த பணம் அது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) 2020 திருத்தத்தில் அப்படிக் கைமாற்றக் கூடாது என்று வந்தது. நிர்வாகச் செலவு வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. நான் சோலார் விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஊர்ப் பெரியவர் வந்து, "விளக்கு யாருதுப்பா?" என்றார். பதிவேட்டில் நிறுவனத்தின் பெயர். அதில் படித்தது அவர் பேத்தி. திருடுகிறவன் இந்தச் சட்டம் வந்தும் திருடுகிறான், மூடியது எங்கள் வகுப்பு.

வவுச்சர் மணி, காட்பாடி:
ஆடிட்டரோடு ஒரு டிரஸ்டுக்குப் போயிருக்கிறேன், காகிதமெல்லாம் பளிச்சென்று இருந்தது, அவ்வளவுதான் என் கதை. ஆனால் புலம்பிப் பயனில்லை, பார்க்க வேண்டிய இடம் இருக்கிறது. வெளிநாட்டுப் பணம் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். அந்தப் பணத்தின் வரவு செலவைக் காட்டும் எஃப்சி-4 படிவம் ஆண்டுக்கொரு முறை உள்துறை அமைச்சகத்துக்குப் போகும். நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் தணிக்கைக் கணக்கை இணையத்தில் போட வேண்டும். அனுப்பும் நிறுவனம் இங்கிலாந்து என்றால் அங்குள்ள சாரிட்டி கமிஷன் பதிவேட்டில் கணக்கு கிடைக்கும், அமெரிக்கா என்றால் அங்கே வரித்துறைக்குத் தரும் ஆண்டுக் கணக்கு, படிவம் 990. அனுப்பியவர் கணக்கு, இங்கே வாங்கியவர் கணக்கு, ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு ஏமாறாதீர்கள், அரசுப் பணம் கணிசமாக வாங்காத டிரஸ்டை அது கட்டாது. புகாரை ஆங்கிலத்தில், நேராக அனுப்பும் நிறுவனத்துக்கே எழுதுங்கள். உள்ளூர் ஆபீசுக்கு எழுதினால் அது டிராயரில் தூங்கும். தேதி போட மறக்காதீர்கள். நகல் எடுத்து வையுங்கள்.

பீடிக்காரம்மா மகள், குடியாத்தம்:
மணி சார், எல்லாம் சரி. அந்தக் கணக்கில் "பயிற்சிச் செலவு" என்று ஒரே வரி இருக்கும், ஆடிட்டர் கையெழுத்தோடு. மூன்று தாள் விஷயம் குழுவில் உட்கார்ந்து கேட்டால்தான் வரும். கேட்டேன். அடுத்த மாதம் லோன் வருகிறதாம், யாரும் வாயைத் திறக்கவில்லை.