ஏற்றத்தில் உயர மறுத்த இதயத்துடிப்பு

போதிய ஓய்வின்றி அளவுக்கு மீறிச் செய்யும் மிகைப்பயிற்சியால் களைத்த உடலில், காலையில் எழும்போதே நாடித்துடிப்பு வழக்கத்தைவிடக் கூடியிருக்கும் என்று இங்கே சைக்கிள் ஓட்டுபவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அது உண்மைதான். ஆயினும் அதற்கு நேர்மாறாகத் தோன்றும் ஓர் அடையாளத்தை என் நண்பரிடம் கண்டதால், அதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

2023 ஆகஸ்டில் நடந்த 1200 கிலோமீட்டர் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் சைக்கிள் பயணத்துக்குத் தகுதி பெற, அவர் 200, 300, 400, 600 கிலோமீட்டர் பிரெவேக்களை, அதாவது குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய நெடுந்தூரப் பயணங்களை, முடித்தாக வேண்டியிருந்தது. அவற்றுக்கு இடைப்பட்ட வாரங்களிலும் ஓய்வெடுக்காமல், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பயிற்சி செய்துவந்தார். வழக்கமாக அந்த ஏற்றத்தில் 165ஐத் தொடும் அவருடைய இதயத்துடிப்பு, எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் 150ஐத் தாண்டாமல் நின்றபோது, உடல் நன்றாகத் தேறிவிட்டது என்றே அவர் மகிழ்ந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேறிய உடலில் அதே வேகத்துக்குத் துடிப்பு குறையும். இவருக்கோ வேகம் குறைந்திருந்தது, மிக இலகுவான கியரிலும் தொடைகள் கனத்தன, துடிப்பு மட்டும் ஏறவில்லை. கடும் பயிற்சி ஓய்வின்றி நீளும்போது, அட்ரினலின் போன்ற சுரப்புகளுக்கு இதயம் காட்டும் எதிர்வினை மங்கிவிடுவது இதற்கு ஒரு காரணம் என்று கூறுவார்கள். ஆகவே துடிப்பின் எண்ணை மட்டும் பார்க்காமல், அந்த நேரத்தில் கால்கள் எப்படி இருக்கின்றன, வேகம் என்ன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

உடல் ஓய்ந்திருந்தும் அவருக்கு இரவில் உறக்கம் பிடிக்கவில்லை, சளியும் விட்டபாடில்லை. சாதாரணக் களைப்பு சில நாள் ஓய்வில் தீர்ந்துவிடும். இவருக்கு இரண்டு வாரம் கடந்தும் தீரவில்லை. மிகைப்பயிற்சியை உறுதிப்படுத்தத் தனியான இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லாததால், மருத்துவர் முதலில் இரத்தசோகை, தைராய்டுக் குறைபாடு, தொற்று ஆகியவை இல்லை என்று உறுதி செய்துகொண்டார். நண்பர் பழைய நிலைக்குத் திரும்பச் சில மாதங்கள் ஆயின.

மறுமொழி

மேலே எழுதியவர் சொன்னதோடு, பெண்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்னுடன் ஓட்டும் தோழிக்கு, பயிற்சியின் உச்சத்தில் மாதவிடாய் நின்றுபோனது. கடுமையாகப் பயிற்சி செய்பவர்களுக்கு இது இயல்புதான் என்று உடன் ஓட்டுபவர்கள் கூறியது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. மிதிக்கும் அளவுக்கு உண்ணாதபோது உடல் முதலில் நிறுத்திவைப்பவற்றுள் இதுவும் ஒன்று. கவனியாமல் விட்டால் எலும்பும் வலுவிழக்கும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்நிலைக்குத் தனிப் பெயரே சூட்டி எச்சரித்திருக்கிறது. அது ஆண்களையும் தாக்கும். தோழி பயிற்சியைக் குறைத்து, உணவைக் கூட்டிய பின்னரே மாதவிடாய் மீண்டும் சீரானது.