புதிய வேலைக்கு ஊர் மாறுகிறேன்: கட்டுப்படியாகும் வாடகை வீட்டை எப்படித் தேடுவது?

மழைக்குருவி கேட்டது:

வணக்கம். ஐந்து வாரத்தில் புது வேலையில் சேர வேண்டும். அந்த நகரத்தில் எனக்குத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. இணையத்தில் பார்க்கும் வாடகையெல்லாம் மலைப்பாக இருக்கிறது. குறைவாகப் போட்டிருக்கும் விளம்பரங்களையோ நம்பவே பயமாக இருக்கிறது. நான் தனி ஆள். கல்விக்கடன் தவணை போகிறது, வீட்டுக்கும் மாதாமாதம் அனுப்ப வேண்டும்.

சம்பளத்தில் எவ்வளவு வரை வாடகைக்குப் போகலாம்? கிளம்பும் முன்பே வீட்டைப் பேசி முடித்துவிடலாமா, நேரில் பார்த்த பிறகுதான் முடிக்க வேண்டுமா? அலுவலகத்துக்குப் பக்கத்தில் சின்னதாக எடுப்பதா, தள்ளிப் போய்ப் பெரிதாக எடுப்பதா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எண்கணக்கு எழுதியது:

சம்பளத்தில் 30 சதவீதம் வாடகைக்கு என்று நிறையப் பேர் சொல்வார்கள். அந்த எண் அமெரிக்காவின் அரசுக் குடியிருப்புகளிலிருந்து வந்தது. அங்கே குடியிருப்பவரின் வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்று 1969-இல் வரம்பு வைத்தார்கள், 1981-இல் அதை 30 ஆக்கினார்கள். கடன் தவணையும் வீட்டுப் பொறுப்பும் உள்ள உங்களுக்கு அதே எண் பொருந்தும் என்று சொல்ல முடியாது. மற்ற செலவுகளைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

பிடித்தம் போக வங்கிக் கணக்கில் விழும் தொகையை 100 என்று வையுங்கள். ஆண்டுச் சம்பளத்தைப் பன்னிரண்டால் வகுத்து வரும் எண்ணை எடுத்தால் கணக்கு தப்பிவிடும். கடன் 15, வீட்டுக்கு 18, சாப்பாடு 17, போக்குவரத்து 7, போன், மருந்து, துணிமணி 8, சேமிப்பு 10. மொத்தம் 75, மீதி 25. இந்த 25-க்குள் பராமரிப்புக் கட்டணம், தண்ணீர், மின்சாரம், இணையம், வண்டி நிறுத்தும் கட்டணம் எல்லாம் அடங்க வேண்டும். அவற்றுக்கு 5 எடுத்து வைத்தால், 20-க்கு மேல் வாடகை கேட்கும் வீட்டைப் பார்க்கவே போகாதீர்கள். பார்த்துவிட்டால் மனசு இழுக்கும்.

அட்வான்ஸையும் வாடகையோடு சேர்த்தே எடைபோடுங்கள். ஒரு வீட்டில் வாடகை 20, அட்வான்ஸ் 40. இன்னொன்றில் வாடகை 19, அட்வான்ஸ் 160. இரண்டாவது மலிவு போலத் தெரியும். கூடுதலாக முடங்கும் 120-ஐ ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் கடன் வாங்கினால் வட்டி மட்டும் 14.4, மாதத்துக்கு 1.2. ஆக அந்த வீட்டின் உண்மையான வாடகை 20.2. திரும்பி வருமா என்ற கவலையும் நான்கு மடங்கு. புரோக்கர் கட்டணத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஒரு மாத வாடகை கட்டணம் என்றால், பத்து மாதத்தில் காலி செய்பவருக்கு மாதம் 2 கூடுதல், இரண்டு வருடம் இருப்பவருக்கு 1 கூட இல்லை.

பலர் தடுக்கி விழுவது முதல் மாதத்தில்தான். மேலே உள்ள அளவிலேயே போட்டால், அட்வான்ஸ் 40, முதல் வாடகை 20, புரோக்கர் 20, சாமான் ஏற்றி இறக்க 10, தற்காலிகத் தங்கல் 15, படுக்கை, அடுப்பு, பாத்திரம் 15. கூட்டினால் 120. ஒரு முழுச் சம்பளத்துக்கும் மேல், அதுவும் முதல் சம்பளம் வரும் முன்பே! சம்பளப் பட்டியல் முடித்த தேதிக்குப் பிறகு சேர்ந்தால், முதல் மாதச் சம்பளம் அடுத்த மாதத்தோடு சேர்ந்துதான் வரும். எனவே மனிதவளத் துறையிடம் இப்போதே கேளுங்கள்: சம்பளப் பட்டியல் மூடும் தேதி எது, இடமாற்றப் படி முன்கூட்டியே கிடைக்குமா அல்லது பில் காட்டிய பிறகா, குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் அதைத் திருப்பித் தர வேண்டுமா. சம்பளச் சான்றுக் கடிதம் ஒன்றும் வாங்கி வையுங்கள், வீட்டுக்காரர் கேட்பார்.

நாடோடி எழுதியது:

எண்கணக்கு சொன்னது அத்தனையும் சரி. இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: பார்க்காத வீட்டுக்கு ஒரு வருட ஒப்பந்தம் போடவே போடாதீர்கள். முதல் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு வேறு ஏற்பாடு செய்யுங்கள். நிறுவனத்தின் விருந்தினர் இல்லம், மாத வாடகை அறை, பணியாளர் விடுதி என எதுவானாலும் சரி. தினக்கணக்கில் அது விலை கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால் அவசரத்தில் தவறான வீட்டில் மாட்டி, அட்வான்ஸை இழந்து வெளியேறுவதற்கு ஆகும் செலவோடு வைத்துப் பாருங்கள்.

அதற்காக ஐந்து வாரமும் சும்மா இருக்க வேண்டாம். உங்களுக்கு எட்டும் பகுதிகளில் உள்ள முப்பது நாற்பது விளம்பரங்களை ஒரு அட்டவணையில் போடுங்கள். பகுதி, சதுர அடி, மாடி, வாடகை, அட்வான்ஸ், விளம்பரம் வந்த தேதி. வாடகையை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்கும் எண்ணைப் பாருங்கள். அதுதான் அந்தப் பகுதியின் நிலவரம். அதைவிடக் கால்பங்கு குறைவாக ஒரு வீடு இருந்தால் ஏதோ ஒரு குறை மறைந்திருக்கிறது, அல்லது வீடே இல்லை. ஒரு மாதத்துக்கு மேலாகப் போகாமல் கிடக்கும் வீட்டில் பேரம் பேச இடம் உண்டு. ஏன் போகவில்லை என்று மட்டும் விசாரித்துவிடுங்கள்.

மோசடிகள் பெரும்பாலும் ஒரே அச்சுதான். உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பார், சாவி கூரியரில் வரும், வேறு இருவர் பணம் கட்டத் தயாராக இருப்பார்கள், வீட்டைப் பார்க்கவே முன்பணம் கேட்பார்கள். படங்களை இணையத்தில் படத்தேடலில் போட்டுப் பாருங்கள். வேறு ஊர் விளம்பரத்திலிருந்து எடுத்ததா என்பது பல சமயம் அதிலேயே தெரிந்துவிடும். பிறகு வீடியோ அழைப்பு. தெருவில் தொடங்கி, வாசல் வழியாக, வெட்டாமல் உள்ளே நடக்கச் சொல்லுங்கள். சமையலறைக் குழாயைத் திறக்கச் சொல்லுங்கள், மின் மீட்டர் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான ஆளுக்கு இது ஐந்து நிமிட வேலை.

இன்னொரு வகை மோசடியில் வீடு உண்மையானது, ஆள்தான் பொய். குடியிருப்பவரே உரிமையாளராக நடித்து, நாலு பேரிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார். சொத்து வரி ரசீதும் மின்கட்டண ரசீதும் அவர் அடையாள அட்டையில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பணம் போகும் வங்கிக் கணக்கும் அதே பெயரில் இருக்க வேண்டும். "என் தம்பி கணக்குக்கு அனுப்புங்கள்" என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

தடம் எழுதியது:

தூரக் கேள்விக்குச் சுருக்கமாக. கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், வாசலிலிருந்து இருக்கை வரை ஆகும் நிமிடங்களைப் பாருங்கள். போக அரை மணி, வர அரை மணி கூடினால் 22 வேலைநாளில் 22 மணி நேரம் போகிறது, ஏறக்குறைய மூன்று வேலைநாள். வாடகையில் மிச்சமாகும் தொகையிலிருந்து கூடுதல் பயணச் செலவைக் கழித்து 22-ஆல் வகுங்கள். ஒரு மணி நேரத்துக்கு அந்தக் காசு உங்களுக்குப் போதுமா என்று அப்போது தெரியும்.

வரைபடச் செயலியில் "இத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும்" என்று வேலைநாளைக் குறித்துப் பாருங்கள். 35 முதல் 60 நிமிடம் என்று காட்டினால் 60-ஐ எடுங்கள். அலுவலகத்துக்கு நேராக வரும் ரயில் அல்லது பேருந்துத் தடத்தைப் பிடித்து, வாடகை உச்சத்தில் இருக்கும் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு மூன்று நிறுத்தம் தள்ளித் தேடுங்கள். மாறி ஏறத் தேவையில்லாத இருபது கிலோமீட்டர், இரண்டு முறை மாறி ஏறும் எட்டு கிலோமீட்டரைவிட அலுப்பில்லாதது. தடத்தின் தொடக்க நிறுத்தம் என்றால் உட்கார இடமும் கிடைக்கும். ஷிப்ட் வேலை என்றால் கடைசி வண்டி நேரத்தை வீடு தேடும் முன்பே பார்த்துவிடுங்கள்.

நீர்மட்டம் எழுதியது:

வீட்டைப் பகலில் ஒரு தடவை, இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு தடவை பாருங்கள். பகலில் வெளிச்சமும் சுவரும் தெரியும். இரவில் சத்தம், தெருவிளக்கு, வண்டி நிறுத்தும் சண்டை எல்லாம் தெரியும். மேல்மாடியாக இருந்தால் மாலையில் கட்டாயம் போங்கள். பகல் முழுக்க வெயில் குடித்த தளம் அந்த நேரத்தில்தான் சூட்டை உள்ளே விடும்.

தண்ணீருக்கு ஒரு பத்து லிட்டர் வாளி போதும். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் நல்ல ஓட்டம். இரண்டரை நிமிடம் ஆனால் குளியலுக்கே தினம் எரிச்சல். ஒரு குழாய் ஓடும்போதே கழிப்பறைத் தொட்டியையும் காலி செய்து பாருங்கள், ஓட்டம் பாதியானால் குழாய் அடைத்திருக்கிறது அல்லது மேல்தொட்டி போதிய உயரத்தில் இல்லை. கழுவுதொட்டியில் நீரை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டால் வடிகால் அடைப்பும் தெரிந்துவிடும்.

ஈரத்தை மறைக்கத்தான் பெயின்ட் அடிப்பார்கள். நான்கு சுவரில் ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் அதன் பின்பக்கம் குளியலறையா என்று பாருங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை கையால் தடவுங்கள். உப்புப் பூத்து உதிர்ந்தால் ஈரம் கீழிருந்து ஏறுகிறது, வாடகைக்கு இருப்பவரால் அதைச் சரிசெய்ய முடியாது. கூரையில் மஞ்சள் வளையம் இருந்தால் மேலே கசிவு. அலமாரிக் கதவைத் திறந்து முகர்ந்து பாருங்கள், பூஞ்சை வாடை அங்கேதான் தங்கும்.

மின்சாரத்தில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. எல்லா சுவிட்சையும் அணைத்து, பிரிட்ஜ் உட்பட எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு, மீட்டரில் மினுக்கும் விளக்கைச் சில நிமிடம் பாருங்கள். அது தொடர்ந்து மினுக்கினால் படிவிளக்கோ, மோட்டாரோ, பக்கத்து வீடோ உங்கள் மீட்டரில் ஓடுகிறது. அல்லது வயரிங்கில் கசிவு. சப்-மீட்டர் என்றால் யூனிட்டுக்கு என்ன கணக்கு என்று எழுதி வாங்குங்கள். மின்கசிவு பிரேக்கரில் "டெஸ்ட்" பொத்தானை அழுத்தினால் அந்த நொடியே விழ வேண்டும். விழாத வீட்டில் அதைச் சரிசெய்து தந்த பிறகு பேசலாம்.

கைபேசி சிக்னலைக் கதவுகளை மூடிக்கொண்டு ஒவ்வொரு அறையிலும் பாருங்கள். பக்கத்து வீட்டாரிடம் இரண்டு கேள்வி போதும்: தண்ணீர் எந்த நேரம் வரும்? முன்பு இருந்தவர் ஏன் போனார்?

மழைக்குருவி எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. அட்டவணை தொடங்கிவிட்டேன். இன்னும் இரண்டு கேள்விகள். கூட வேலை பார்க்கப்போகும் ஒருவர், தன் இரண்டு படுக்கையறை வீட்டில் ஓர் அறை தருவதாகச் சொல்கிறார். ஒப்பந்தம் அவர் பெயரில் மட்டும் இருக்கிறது. வாடகைக்குப் பாதி என்பதால் எனக்குக் கட்டுப்படியாகும். வேறொரு வீட்டில், ஒரு வருடம் எடுத்தால் முதல் மாத வாடகை வேண்டாம் என்கிறார்கள். இந்த இரண்டையும் எப்படிப் பார்ப்பது?

சாவிக்கொத்து எழுதியது:

முதலில் இலவச மாதம். வாடகை 20 என்றால் வருடத்துக்கு 240 போய் 220 ஆகிறது, சுமார் 8.3 சதவீதக் குறைவு. ஆனால் அடுத்த வருட உயர்வு 20-இன் மேல்தான் ஏறும். 5 சதவீதம் என்றால் 21. அதற்குப் பதில் வாடகையை 18.5 ஆக்கச் சொல்லுங்கள். முதல் வருடம் 222, கிட்டத்தட்ட அதே தொகை. இரண்டாம் வருடம் மாதம் 19.4 தான் வரும். வீட்டுக்காரர் மறுத்தால், உயர்வு எத்தனை சதவீதம், எந்தத் தேதியில் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். சொன்ன தேதியில் வாடகை, உடனே குடியேறுவது ஆகிய இரண்டும் பேரத்தில் உங்கள் கையில் உள்ள சரக்கு. வீடு பூட்டிக் கிடக்கும் ஒவ்வொரு வாரமும் அவருக்கு நட்டம்.

பகிர்ந்து இருப்பது நல்ல வழிதான், காகிதம் சரியாக இருந்தால். இப்போதுள்ள நிலையில் அவர் வேலை மாறிப் போனால் நீங்களும் வெளியேற வேண்டியதுதான். அவரிடம் கொடுத்த அட்வான்ஸுக்கு வீட்டுக்காரர் பொறுப்பும் அல்ல. உங்கள் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். முடியாது என்றால், நீங்கள் குடியிருக்கச் சம்மதம் என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதமும், உங்கள் பங்கு அட்வான்ஸுக்கு ரசீதும் வேண்டும். இரண்டு பெயரும் சேர்ந்தால் வேறொரு சிக்கல் வரும். ஒருவர் விட்டுப் போனால் முழு வாடகையையும் மற்றவரிடம் கேட்கலாம் என்று பல ஒப்பந்தங்கள் இருக்கும். போகிறவர் ஒரு மாதம் முன்பே சொல்லி, மாற்று ஆளைக் கொண்டுவர வேண்டும் என்று நீங்கள் இருவரும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். இணைந்த குளியலறை அவர் அறைக்கு இருந்தால் சரிபாதி நியாயம் இல்லை, 55-க்கு 45 என்று கேளுங்கள்.

எந்த வீடானாலும் ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது வெளியேறும் வழி. எத்தனை மாதம் கட்டாயம் இருக்க வேண்டும், நோட்டீஸ் எத்தனை நாள், அது இருவருக்கும் ஒன்றுதானா? புது வேலையில் தகுதிகாண் காலம் இருக்கும் என்பதால், வேலை போனாலோ மாற்றலானாலோ நோட்டீஸ் கொடுத்து அபராதமில்லாமல் வெளியேறலாம் என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். கேட்டால் ஒப்புக்கொள்பவர்கள் உண்டு, யாரும் கேட்பதுதான் இல்லை. அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், எதற்கெல்லாம் பிடிக்கலாம், பெயின்ட் செலவு யாருடையது, குழாய் வெடித்தால் யார் சரிசெய்வது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். "பழுது" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. நாளடைவில் வரும் சாதாரணத் தேய்மானம் அதில் சேராது என்று ஒரு வரி வேண்டும்.

சாவி வாங்கும் நாளில், சாமான் இறக்கும் முன்பு, ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள். சுவர்க் கீறல், உடைந்த ஓடு, கதவுத் தாழ் எல்லாம் கிட்டத்தில் தெரிய வேண்டும். மின் மீட்டர், தண்ணீர் மீட்டர், எரிவாயு மீட்டர் எது இருந்தாலும் ரீடிங்கைப் படமெடுங்கள். பழைய பாக்கி இல்லை என்பதற்குக் கடைசி ரசீதையும் வாங்குங்கள். எல்லாவற்றையும் அன்றைக்கே வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, "கிடைத்தது" என்று ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பூட்டின் உள்பாகத்தை மாற்ற அனுமதியும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். முன்பு இருந்தவர்களிடம் எத்தனை சாவி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.